மீன் தொட்டியைச் சுத்தமாக வைக்க எந்த உயிரினம் வாங்கலாம்? சக்கர் மீன், நத்தை, இறால்…

#1 செந்தில்_அம்பத்தூர்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டடி தொட்டி ஒன்று இருக்கிறது. நீளம் 24 அங்குலம், அகலம் 12, உயரம் 15. கணக்குப் போட்டால் சுமார் 70 லிட்டர். உள்ளே கொஞ்சம் கப்பி, பிளாக் மோலி, இரண்டு கோல்டு ஃபிஷ். ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறது, அடியில் கூழாங்கல். செடி எதுவும் இல்லை.

கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி பிடிக்கிறது. கல் மேல் பழுப்பாக ஒரு படலம். துடைத்த ஒரு வாரத்திலேயே திரும்ப வந்துவிடுகிறது. கடையில் கேட்டதற்கு "ரெண்டு சக்கர் போடுங்க, டேங்க் தானா க்ளீனா இருக்கும்" என்றார்கள். என் மகளோ நத்தை வேண்டும் என்கிறாள். வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். என் வேலையும் குறைய வேண்டும், இருக்கிற மீன்களுக்கும் தொந்தரவு வரக்கூடாது. எதை வாங்கலாம்?

#2 ஹாரூன்

சக்கர் மட்டும் வேண்டாம் சார். அதுவும் இரண்டடி தொட்டியில் இரண்டு, வேண்டவே வேண்டாம்.

#3 கயல்_தொட்டி

ஹாரூன் சொன்னதற்குக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

நம் ஊர்க் கடைகளில் சக்கர், டேங்க் க்ளீனர் என்ற பெயர்களில் விற்பது பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் என்ற இனம். தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்தது. கொளத்தூர் கடைகளில் கவரில் போட்டுத் தரும்போது விரல் நீளம்தான் இருக்கும். வளர்ந்தால் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். உங்கள் தொட்டியின் அகலமே 30 சென்டிமீட்டர்தான். வளர்ந்த மீன் அதற்குள் திரும்பக்கூட முடியாது.

குட்டியாக இருக்கும்போது பாசி தின்னும் என்பது உண்மை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாயால் சுரண்டிக்கொண்டே போகும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் வளர வளர, மற்ற மீன்களுக்குப் போடும் தீனி அதற்குப் பழகிவிடும். அப்புறம் பாசியை அவ்வளவாகத் தேடாது. தின்ற பாசியும் தொட்டியை விட்டு எங்கேயும் போய்விடுவதில்லை. கழிவாக மாறி அதே தண்ணீரில்தான் கிடக்கும். புல்லைக் குறைக்க ஆடு வாங்கிக் கட்டினால் புல் குறையும், புழுக்கை குவியும். சக்கர் விஷயமும் இதேதான். சக்கர் இருக்கும் தொட்டியின் அடியைப் பாருங்கள், நீள நீளமாகக் கழிவு சுருண்டு கிடக்கும்.

இன்னொன்று. அது இரவில் திரியும் மீன். தீனி போதாமல் பசியோடு இருந்தால், மெதுவாக நீந்தும் மீன்கள் மேல் ஒட்டிக்கொண்டு உடம்பில் இருக்கும் வழவழப்பான படலத்தைச் சுரண்டும். கோல்டு ஃபிஷ், டிஸ்கஸ் இரண்டும் இதில் அதிகம் மாட்டும். அந்தப் படலம்தான் மீனை நோயிலிருந்து காப்பது. அது போனால் பூஞ்சையும் புண்ணும் வரும். காலையில் கோல்டு ஃபிஷ் உடம்பில் வட்டமாகச் செதில் உரிந்திருந்தால், பலரும் என்ன நோய் என்று தெரியாமல் மருந்து ஊற்றுவார்கள். ராத்திரி விளக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

#4 மருது_மதுரை

ஒரேயடியாக அப்படிச் சொல்ல வேண்டாம். என் தொட்டி நாலடி, கிட்டத்தட்ட 250 லிட்டர். இரண்டு ஆஸ்கர் மீனும் ஒரு சக்கரும் பல வருஷமாக ஒன்றாக இருக்கின்றன, சண்டை கிடையாது. கண்ணாடி துடைக்கிற வேலை எனக்கு வெகுவாகக் குறைந்திருக்கிறது. வாரம் இரண்டு தடவை ராத்திரி வெள்ளரித் துண்டு போடுவேன், ஒரு பெரிய மரக்கட்டையும் உள்ளே கிடக்கிறது. ஆஸ்கரைச் சுரண்டியதே இல்லை. வயிறு நிறைந்த மீன் எதற்கு இன்னொன்றைச் சுரண்டப் போகிறது?

#5 கயல்_தொட்டி

மருது அண்ணா, உங்கள் தொட்டிக்கு அது சரி. 250 லிட்டர், பெரிய ஃபில்டர், அதற்கென்று தனியாகச் சாப்பாடு. நீங்கள் சக்கரை ஒரு மீனாகவே வளர்க்கிறீர்கள். செந்தில் சாரிடம் கடையில் சொன்னது வேறு. அதற்குத் தீனி போட வேண்டியதில்லை, அழுக்கைத் தின்றே பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில் விற்கிறார்கள். இப்படி வாங்கிப் போகிற வீடுகளில் பல சக்கர்கள் பட்டினியால் வயிறு ஒட்டிச் சாகின்றன. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிறு உள்வாங்கித் தெரிந்தால் அது பட்டினிதான்.

#6 உமா_வேதியியல்

எந்த மீன் என்று முடிவெடுக்கும் முன், தொட்டியில் "அழுக்கு" என்று எதைச் சொல்கிறோம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியிலும் கல்லிலும் ஒட்டும் பாசி கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு. மிஞ்சிய தீனி, உதிர்ந்த இலை, மீனின் கழிவு இதெல்லாம் அடியில் சேர்வது. மூன்றாவதாக ஒன்று தண்ணீரில் கரைந்திருக்கிறது, அதுதான் அமோனியா. மீன் தன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றிக்கொண்டிருக்கும். மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான் வரும். தண்ணீர் பளிங்காகத் தெரிந்தாலும் அமோனியா இருந்தால் மீன் செத்துப்போகும்.

சக்கர், நத்தை, இறால் எல்லாம் முதல் இரண்டில்தான் உதவும். மூன்றாவதில் அவை உதவாதது மட்டுமில்லை, தங்கள் பங்குக்கு அமோனியாவைக் கூட்டவும் செய்யும். கரைந்த அழுக்கைக் கையாள்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், இது அவ்வளவு ஆபத்தில்லை. இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் முன்பு எழுதினார்கள். வீட்டுத் தொட்டிகளில் அதைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1990களின் கடைசியில் தெரியவந்தது. 2015இல் இன்னும் வியப்பான செய்தி வந்தது: இரண்டு வேலையையும் தானே முழுதாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராவைக் கண்டுபிடித்தார்கள். அப்படிக் கிடைத்தவற்றில் சில, மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டரில் இருந்தவை. என்னைக் கேட்டால் தொட்டியின் உண்மையான துப்புரவு உயிர் இதுதான். கடைக்காரர் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இந்த பாக்டீரியாக்கள் உங்கள் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் நிலைகொள்ள நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து அலசினால் நிறையச் செத்துவிடலாம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அதில் மெதுவாக அமுக்கி அலசுங்கள். ஸ்பாஞ்ச் பழுப்பாக இருந்தால் இருக்கட்டும், வெள்ளையாக வேண்டியதில்லை.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும், அதில் ஒன்றுதான் கடும் விஷம். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7 இருக்கும்போது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அந்த வடிவில் இருக்காது. அதே அளவு அமோனியா பிஎச் 8, வெப்பம் 30 டிகிரி உள்ள தண்ணீரில் இருந்தால் நூற்றில் ஏழு பங்கு விஷ வடிவில் இருக்கும். நம் போர்வெல் தண்ணீரின் பிஎச் பல இடங்களில் 8ஐ ஒட்டியே இருக்கிறது, சித்திரை மாதம் தொட்டி 30 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்த வெயிலில் "சுத்தம் செய்ய" என்று கூடுதலாக ஒரு மீனை இறக்குவது எதைக் கூட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

#7 செந்தில்_அம்பத்தூர்

ரொம்ப நன்றி மேடம். ஃபில்டரைக் குழாயில் காட்டி அலசுவது இனிமேல் இல்லை.

அப்போ பாசிக்கு மட்டும் என்ன செய்யலாம்? தொட்டி ஹால் ஜன்னல் பக்கம் இருக்கிறது. காலையில் வெயில் நேராக விழும். விளக்கு மாலை ஆறு மணியிலிருந்து தூங்கப் போகும் வரை எரியும். தீனி காலை, மாலை இரண்டு வேளை. மகளுக்கு மீன்களுக்குப் போட ஆசை, அதனால் நடுவிலும் கொஞ்சம் விழும். தண்ணீர் போர்வெல்தான்.

#8 ஹாரூன்

காலை வெயிலும் மாலை விளக்கும் சேர்ந்தால் அந்தப் பாசியை எந்த உயிராலும் தின்று தீர்க்க முடியாது சார். ஜன்னலுக்குத் திரை போடுங்கள், இல்லையென்றால் தொட்டியின் பின்பக்கக் கண்ணாடிக்குக் கறுப்பு சார்ட் ஒட்டுங்கள். விளக்கு ஆறேழு மணி நேரம் போதும். ஒரு டைமர் வாங்கி மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. தீனி இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை. குழந்தைக்கு ஆசை என்றால் அந்த ஒரு வேளையையும் அவளே போடட்டும்.

இதைச் செய்த பிறகு மிஞ்சுகிற பாசிக்குத்தான் உயிரினம். அதிலும் எந்தப் பாசிக்கு எது என்று இருக்கிறது.

கல்லில் இருக்கும் பழுப்புப் படலம் டயாட்டம் என்ற பாசி வகை. புதுத் தொட்டிகளில்தான் அதிகம் வரும், நாளாக நாளாகத் தானே குறையும். அதைத் தின்ன ஓட்டோசின்க்ளஸ் என்ற சின்ன மீனுக்கு இணை கிடையாது. நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் வளராது, யாரையும் தொந்தரவு செய்யாது. ஆனால் ஆறு பேராவது கூட்டமாக இருக்க வேண்டும். விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானவை ஆற்றில் பிடித்தவை. பயணத்திலேயே பட்டினி கிடந்து, வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் நிறைய செத்துப்போகும். பாசி நன்றாகப் பிடித்த, பல மாதம் ஓடிய பழைய தொட்டியில்தான் விட வேண்டும். மென்மையான தண்ணீர் வேண்டும். கோல்டு ஃபிஷ் இருக்கிற இடத்தில் கூடவே கூடாது, விழுங்கப் பார்க்கும், ஓட்டோவின் முள் தொண்டையில் சிக்கி இரண்டுமே சாகும். ஆக உங்களுக்கு ஓட்டோ இல்லை.

கண்ணாடியில் புள்ளி புள்ளியாக, நகத்தால் சுரண்டினாலும் வராத பச்சை இருக்கிறதே, அதற்கு நெரைட் நத்தை. வேறு எதுவும் அதை அவ்வளவு சுத்தமாக எடுத்து நான் பார்த்ததில்லை.

கறுப்புத் தாடி மாதிரி கட்டையிலும் இலை ஓரத்திலும் வளர்வதற்கு சியாமீஸ் ஆல்கே ஈட்டர். இங்கேதான் கடைகளில் நிறையக் குழப்பம். இதே பெயரைச் சொல்லி ஃப்ளையிங் ஃபாக்ஸையும் சைனீஸ் ஆல்கே ஈட்டரையும் கொடுத்துவிடுவார்கள். உடம்பில் போகும் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனி வரை நீண்டு, மற்ற துடுப்புகள் கண்ணாடி மாதிரி இருந்தால் அது சரியான மீன். கறுப்புக் கோட்டுக்கு மேலே தங்க நிறத்தில் இன்னொரு கோடு பளிச்சென்று ஓடினால் ஃப்ளையிங் ஃபாக்ஸ். வாய் கீழ்நோக்கி உறிஞ்சியாக இருந்து கண்ணாடியில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றால் சைனீஸ். வளர்ந்தால் ரொம்ப முரட்டு மீன், மற்றவற்றைத் துரத்தும், உடம்பில் ஒட்டும். சரியான சியாமீஸ்கூட 15 சென்டிமீட்டர் வரை வளரும், உங்கள் தொட்டிக்குப் பெரிசு.

நீலப்பச்சையாக வழவழவென்று போர்வை மாதிரி மூடி, சேற்று நாற்றம் அடித்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. அதைப் பெரும்பாலும் எந்தப் பிராணியும் தொடாது. கையால்தான் எடுக்க வேண்டும்.

#9 நிரோஷன்_கொழும்பு

ஹாரூன் சொன்ன நெரைட் பற்றி ஒரு விஷயம். பெண் நத்தை இருந்தால் கண்ணாடி, கட்டை, மற்ற நத்தையின் ஓடு என்று எல்லா இடத்திலும் எள்ளு அளவில் வெள்ளை வெள்ளையாக முட்டை வைக்கும். சிமெந்து மாதிரி ஒட்டும். நல்ல தண்ணீரில் அந்த முட்டை குஞ்சாக வளராது, அதற்கு உப்புத் தன்மை வேணும். அதனால் தொட்டி நத்தையால் நிரம்பிவிடும் என்ற பயம் தேவையில்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. ஆனால் அந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் யோசித்து வாங்குங்கோ.

மூடி கட்டாயம் வேணும். இரவில் மேலே ஏறி வெளியே விழும். கவிழ்ந்து கிடந்தால் சில வகைகளுக்குத் தானாகத் திரும்ப ஏலாது, நாங்கள்தான் நிமிர்த்திவிட வேணும்.

எங்கட பக்கத்திலும் அந்தச் சக்கரை டேங்க் க்ளீனர் என்றுதான் விற்கிறார்கள். இங்கே குளங்களிலும் அது பரவிவிட்டது.

#10 காவிரி_மைந்தன்

நான் தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வயலிலும் வாய்க்காலிலும் நத்தை கொட்டிக் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்குவதற்குப் பதில் நாலு ஊமச்சியைப் பிடித்துப் போட்டால் ஆகாதா? ஊரில் வளர்ந்தது, நம் தண்ணீரும் அதற்குப் பழக்கம்தானே.

#11 கயல்_தொட்டி

நம் ஊர் நத்தை என்பதில் எனக்கும் பிரியம் உண்டு அண்ணா. ஆனாலும் வயலிலிருந்து நேராகத் தொட்டிக்கு வேண்டாம்.

ஊமச்சி என்று நீங்கள் சொல்வது பைலா இனம். நத்தைகுத்தி நாரை வயலில் குத்தித் தின்பது இதைத்தான். கண்ணாடிப் பாசியைச் சுரண்டுவதைவிட இலையைத் தின்பதில்தான் அதற்கு விருப்பம். செடி வைத்த தொட்டியில் விட்டால் தண்டு மட்டும் மிஞ்சும். உருவமும் பெரிசு, அதற்குத் தக்க கழிவு.

அதைவிட முக்கியம் ஒட்டுண்ணி. வயல், குட்டை நத்தைகளில் தட்டைப்புழுக்களின் இளம் பருவம் வளரும். தட்டையாகச் சுருண்டிருக்கும் சின்ன நத்தை இருக்கிறதே, இண்டோபிளானார்பிஸ், அது மாடுகளுக்கு வரும் ரத்தப் புழுவைச் சுமப்பது. அதிலிருந்து வெளிவரும் புழுக்கள் தண்ணீரில் கைவிட்டால் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். குழந்தை கைவிடுகிற தொட்டியில் அந்த ஆபத்து எதற்கு? பூச்சிமருந்து கலந்த வயல் தண்ணீரில் வளர்ந்ததாக இருந்தால் அது இன்னொரு ஆபத்து. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த நத்தையை வாங்குங்கள்.

கடையில் மஞ்சள் நிறத்தில் பெரிய நத்தை காட்டி மிஸ்டரி என்பார்கள். அதிலும் இரண்டு இனம் மாறி வரலாம். பொமேசியா டிஃபியூசா பெரும்பாலும் பாசி, வாடிய இலை, மிஞ்சிய தீனி இவற்றோடு நிறுத்திக்கொள்ளும். பொமேசியா கனாலிகுலாட்டா உயிரோடிருக்கும் செடியைத் தின்று தீர்க்கும். 1980 வாக்கில் உணவுக்கென்று தென் அமெரிக்காவிலிருந்து தைவானுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பிலிப்பைன்ஸ் வரை பரவி நெல் நாற்றுகளை நாசமாக்கியது இதுதான். உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் பட்டியலில் இருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே பளபளவென்று ரோஸ் நிறத்தில் முட்டைக் கொத்து வைத்தால் கனாலிகுலாட்டா என்று சந்தேகப்படுங்கள். டெல்டாவில் இருந்துகொண்டு அந்த நத்தை ஒன்றுகூட வாய்க்காலுக்குப் போய்விடக்கூடாது, அண்ணா.

#12 ரவி_கோவை

எல்லோரும் பிராணிகளைப் பற்றியே பேசுகிறீர்கள், செடியும் உயிரினம்தானே! என் தொட்டியில் அடியில் தோட்டமண், அதன் மேல் மணல், முழுக்கச் செடி. வால்ஸ்டட் முறை என்பார்கள். மீன் கம்மி. ஃபில்டரே இல்லை, தண்ணீர் ஓட ஒரு சின்ன பம்ப் மட்டும். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றுவதில்லை, குறைகிறதை மட்டும் ஊற்றுவேன். நைட்ரேட் சோதித்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். வேகமாக வளரும் செடி அமோனியாவையே நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும், பாக்டீரியா அதை மாற்றிக் கொடுக்கும் வரை காத்திருக்காது. பாசிக்குக் கிடைக்க வேண்டிய சத்தைச் செடி முந்திக்கொண்டு எடுத்துவிடும், அதனால் பாசியும் தலைதூக்காது.

அடியில் மலேசியன் டிரம்பெட் நத்தைகள் இருக்கின்றன. பகலில் மணலுக்குள் புதைந்து கிளறிக்கொண்டே இருக்கும், ராத்திரி மேலே வரும். மண் கெட்டித்துப்போய் அடியில் அழுகிய வாயு சேராமல் பார்த்துக்கொள்வது அவைதான். மலேசியன் என்று பெயர் இருந்தாலும் இந்தியாவிலும் இயற்கையாகவே இருக்கும் நத்தை. செந்தில், முதலில் செடி வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

#13 உமா_வேதியியல்

ரவி சார், செடி பற்றி நீங்கள் சொன்ன அத்தனையும் ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் மாற்ற வேண்டாம் என்பதை மட்டும் சென்னைக்கு ஒத்துக்கொள்ள முடியாது.

உங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறதென்றால் அது மிக மென்மையான தண்ணீர். அம்பத்தூர் போர்வெல் அப்படி இல்லை. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்புகள் உள்ளேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மறுபடியும் போர்வெல் தண்ணீரையே ஊற்றினால் ஒவ்வொரு தடவையும் உப்பு கூடிக்கொண்டே போகும். கண்ணாடியின் மேல் விளிம்பில் வெள்ளையாகக் கோடு படிவது அதன் அடையாளம். கோடையில் வேகமாக ஆவியாகும்போது இது இன்னும் வேகமாக நடக்கும். நத்தையோ செடியோ அந்த உப்பை வெளியே எடுத்துப் போட முடியாது. வாரம் நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுவதுதான் வழி.

#14 ரவி_கோவை

சரி மேடம், ஆமாம், எனக்கு வருவது சிறுவாணிதான். நீங்கள் சொல்கிற கோணத்தில் பார்த்தால் போர்வெல்காரர்கள் மாற்றத்தான் வேண்டும். ஆவியான அளவுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமே?

#15 உமா_வேதியியல்

தாராளமாக. ஆவியான அளவை ஈடுசெய்ய ஆர்ஓ சரியான யோசனை. முழுத் தொட்டியையும் ஆர்ஓவால் நிரப்பிவிடாதீர்கள். நத்தை ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும். அது இல்லாத தண்ணீரில் ஓடு வெளுத்து, குழி விழுந்து கரையும்.

#16 ஜெனி_சிங்கப்பூர்

இறால் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் செர்ரி இறாலும் அமானோ இறாலும் வளர்க்கிறேன். நார் மாதிரி வளரும் பாசியைப் பிடுங்கித் தின்பதில் அமானோவை மிஞ்ச ஆள் இல்லை. ஜப்பானின் தகாஷி அமானோ 1980களில் தன் செடித் தொட்டிகளில் பாசிக்கென்று கூட்டமாக விட்டுப் பழக்கியதால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. அதன் குஞ்சுகளுக்கு உப்புத் தண்ணீர் தேவை, அதனால் வீட்டுத் தொட்டியில் பெருகாது. செர்ரி நேர்மாறு, இடம் பிடித்துப்போனால் பெருகிக்கொண்டே இருக்கும்.

ஆனால் செந்தில் அண்ணா, கோல்டு ஃபிஷ் இருக்கும்வரை இறால் வாங்காதீர்கள், எல்லாம் தீனியாகிவிடும். கப்பி பெரிய இறாலை விட்டுவிடும், குஞ்சுகளைத் தின்னும். தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் நெடுநாள் நின்றால் செர்ரி தாங்காது. அங்கே கோடையில் இது பெரிய பிரச்சினை.

மருந்து விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். மீன் நோய்க்கு விற்கும் பல மருந்துகளில் தாமிரம் இருக்கும். மீன் பிழைக்கும், இறாலும் நத்தையும் செத்துவிடும். வெள்ளைப் புள்ளி நோய்க்கு மருந்து போடுவதாக இருந்தால் நோய் வந்த மீனைத் தனி வாளிக்கு மாற்றிப் போடுங்கள். புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் ஊற்றாதீர்கள்.

இறால் தோலுரித்த கூட்டைச் செத்த இறால் என்று நினைத்து எடுத்துப் போட்டுவிட வேண்டாம். அதையே திரும்பத் தின்று சத்து சேர்த்துக்கொள்ளும்.

#17 பிரியா_திருச்சி

எங்கள் தொட்டியில் நாங்கள் நத்தை விடவே இல்லை. செடியோடு வந்து இப்போது நூற்றுக்கணக்கில் சின்ன நத்தை. பீ பஃபர் என்ற மீன் தின்றுவிடும் என்கிறார்கள், வாங்கலாமா? கப்பி இருக்கிறது.

#18 ஹாரூன்

வேண்டாம்ங்க. பீ பஃபர் கேரளத்து ஆறுகளில் வாழும் மீன், மூன்று சென்டிமீட்டர் அளவுதான் வரும். நத்தை தின்பது உண்மைதான். கப்பியின் வாலையும் கடித்துக் குதறும். ஆற்றிலிருந்து அளவுக்கு மீறிப் பிடித்ததால் எண்ணிக்கை குறைந்து, அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிற மீன் அது. நத்தைக்காக அதை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. வளர்க்க ஆசை என்றால் அதற்கென்று தனித் தொட்டி, உயிர் உணவு, எல்லாம் வேண்டும்.

நத்தை அப்படிப் பெருகுகிறதென்றால் தீனி மிஞ்சுகிறது என்று அர்த்தம். தீனியைப் பாதியாக்குங்கள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு லேசாக வெந்நீரில் போட்டெடுத்த வெள்ளரித் துண்டை அடியில் வையுங்கள். காலையில் நத்தை அப்பியிருக்கும், அப்படியே வெளியே எடுத்துவிடலாம். சில வாரம் இதைச் செய்தாலே கணிசமாகக் குறைந்துவிடும். அசாசின் நத்தை என்று ஒன்று மற்ற நத்தைகளைத் தின்னும், அதுவும் உதவும். ஆனால் நெரைட் இருந்தால் அதையும் விடாது.

#19 மருது_மதுரை

சக்கர் பேச்சை நான் திரும்ப எடுக்கிறேன். இந்த இழையைப் படிப்பவர்களில் யாரிடமாவது ஏற்கெனவே பெரிதாகிவிட்ட சக்கர் இருக்கலாம். தயவுசெய்து ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். உயிரைக் கொல்லக்கூடாது என்று நல்ல மனதோடுதான் நிறையப் பேர் விடுகிறார்கள். ஆனால் அந்த மீன் உடம்பு முழுக்கக் கவசம், துடுப்பில் முள். நம் நீர்நிலையில் அதைத் தின்ன அதிகம் ஆள் கிடையாது. நீர் குறைந்து சேறானாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். முட்டையிடக் கரையில் நீளமாக வளை தோண்டும், கரை சரியும். வலையில் மாட்டினால் முள்ளால் வலை கிழியும். கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்பு நிலங்களிலும் ஆந்திரத்திலும் மீனவர்கள் இதனால் படும் பாடு செய்திகளில் வந்திருக்கிறது. மெக்சிகோவில் இன்ஃபியர்னில்லோ என்ற பெரிய அணையில் திலேப்பியா மீன்பிடித்தொழிலே இதனால் நொடித்துப்போனது. தண்ணீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவை வைத்தே இது ஒரு ஏரிக்குள் புகுந்துவிட்டதா என்று கண்டுபிடிக்கும் சோதனையை ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வகம் உருவாக்கியிருக்கிறது. அந்த அளவுக்குப் பரவியிருக்கிறது.

வளர்க்க முடியவில்லை என்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். காசு கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். மதுரைப் பக்கம் யாராவது இருந்தால் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள், இடம் பார்த்துத் தருகிறேன்.

#20 செந்தில்_அம்பத்தூர்

இவ்வளவு பேர் இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சக்கர் வாங்கவில்லை. கோல்டு ஃபிஷ் இரண்டையும், பெரிய தொட்டி வைத்திருக்கும் என் மைத்துனருக்குக் கொடுத்துவிடப் போகிறேன். ஜன்னலுக்குத் திரை போட்டாயிற்று, டைமரும் மாட்டியாயிற்று. கொஞ்சம் ஹார்ன்வோர்ட் செடி மிதக்கவிட்டு, பின்னால் மணி பிளாண்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன். வாரம் நாலில் ஒரு பங்கு தண்ணீர். அப்புறம் மகளின் விருப்பப்படி நெரைட் நத்தை. எத்தனை வாங்கலாம்? வாங்கி வந்தவுடன் நேராகத் தொட்டியில் போட்டுவிடலாமா?

#21 கயல்_தொட்டி

நல்ல முடிவு. உங்கள் கடினத் தண்ணீர் மோலிக்கும் நெரைட்டுக்கும் நன்றாகவே ஒத்துப்போகும். மோலியே பாசியைக் கொத்தித் தின்னும், தண்ணீர் மேல் படியும் எண்ணெய் மாதிரியான படலத்தையும் கொத்தும். அதற்கு அவ்வளவாகத் தீனி கொடுக்காதீர்கள். ஹார்ன்வோர்ட் சீக்கிரம் அடர்ந்துவிடும், அப்போதப்போது வெட்டி எடுத்துவிடுங்கள். மணி பிளாண்ட் வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே.

இந்த அளவு தொட்டிக்கு மூன்று நெரைட் போதும். அதற்கு மேல் போனால் பாசி தீர்ந்து பட்டினி கிடக்கும். பாசி குறைந்துவிட்டதென்று தெரிந்தால் வேகவைத்த சுரைக்காய், வெள்ளரித் துண்டு வையுங்கள், தின்ன மிச்சத்தை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள். கடையில் எடுக்கும்போது கண்ணாடியில் ஒட்டி நகர்ந்துகொண்டிருப்பதாகப் பார்த்து எடுங்கள். அடியில் மல்லாந்து கிடப்பதையும் வாய் மூடி திறக்காததையும் விட்டுவிடுங்கள், முகர்ந்து பார்த்தால் அழுகல் நாற்றம் வந்தால் செத்துவிட்டது. ஒட்டியிருப்பதைப் பிய்த்து இழுக்கச் சொல்லாதீர்கள், பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தி எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கவரைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிடுங்கள். பிறகு கவரிலுள்ள தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் ஊற்றி, காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் விழவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இரண்டு, மூன்று மடங்காகும். அப்புறம் நத்தையை மட்டும் எடுத்து, வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி கல் மேல் வையுங்கள். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நாள் அசையாமல் இருந்தால் பதற வேண்டாம், பழகிய பிறகு நகரத் தொடங்கும். மூடியில் இடைவெளி இருந்தால் அன்றைக்கே அடைத்துவிடுங்கள்.